மக்கள் எழுதும் சட்டங்கள் – 7: யாருடைய கை?

2016 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்களுக்கு அதிபர் தேர்தலோடு வேலை முடியவில்லை. மரண தண்டனையை ஒழிப்பதா, கஞ்சாவை அனுமதிப்பதா என்று 17 மாநில முன்மொழிவுகளுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ சொல்லியாக வேண்டும். அதற்காகத் தபாலில் வந்த கையேடு 200 பக்கங்களைத் தாண்டியது. ஒவ்வொன்றுக்கும் சுருக்கம், செலவுக் கணக்கு, ஆதரவு வாதம், எதிர்வாதம், இரண்டுக்கும் மறுப்பு, கடைசியில் பொடி எழுத்தில் சட்ட வாசகம். வேலைக்குப் போய்வந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு உட்காருபவர் எத்தனை பக்கம் புரட்டுவார்?

சட்டத்தையே படிக்காதவர்கள் சட்டம் இயற்றலாமா என்று கேட்பவர்களுக்கு 1988ஆம் ஆண்டைக் காட்டலாம். அந்த ஆண்டு காப்பீடு தொடர்பாக மட்டும் ஐந்து முன்மொழிவுகள். வாகன பிரீமியம் ஏறிக்கொண்டே போனதில் மக்கள் கடுப்பில் இருந்தார்கள். பிரீமியத்தை 20 சதவீதம் குறை, காப்பீட்டு ஆணையரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றது நுகர்வோர் தரப்பின் முன்மொழிவு 103. நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் அதற்கு ஆதரவாக நின்றார். காப்பீட்டு நிறுவனங்களோ தங்களுக்குத் தோதான முன்மொழிவுகளையும் வாக்குச்சீட்டில் ஏற்றி, 6 கோடி டாலருக்கு மேல் கொட்டின. போதாததற்கு வழக்கறிஞர்கள் தரப்பிலிருந்தும் ஒன்று. படித்துப் பார்த்தால் தலை சுற்றும். ஜெயித்தது 103 மட்டும்.

எப்படி? லாஸ் ஏஞ்சலிஸில் வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் அரசியல் அறிஞர் ஆர்தர் லூபியா விசாரித்தார். 1994இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, சரத்துகள் தெரியாவிட்டாலும் காப்பீட்டு நிறுவனங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தவர்கள், விவரம் அறிந்தவர்களைப் போலவே வாக்களித்திருந்தார்கள். இரண்டும் தெரியாதவர்கள்தான் தடுமாறினார்கள். வரனைவிட வரனைக் கொண்டுவந்த தரகரை முதலில் விசாரிக்கிற புத்திதான் இது. நான் இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் புத்தியைக் குழப்பவும் ஆள் உண்டு. கடைகளில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதிக்கும் சட்டம் 2014இலேயே நிறைவேறிவிட்டது. பை உற்பத்தியாளர்கள் கையெழுத்துத் திரட்டி அதை நிறுத்திவைத்து, 2016 வாக்குச்சீட்டுக்கு இழுத்து வந்தார்கள். முன்மொழிவு 67 கேட்டது, அந்தச் சட்டம் நிலைக்கட்டுமா என்று. ஆக, பை வேண்டாம் என்பவர் ‘ஆம்’ போட வேண்டும்! பக்கத்திலேயே 65: மாற்றுப் பைகளுக்கு வாங்கும் காசு கடைக்காரருக்குப் போகாமல் சுற்றுச்சூழல் நிதிக்குப் போகட்டும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. கொண்டுவந்தவர்கள் அதே பை உற்பத்தியாளர்கள். மக்கள் 67ஐ ஜெயிக்கவைத்து, 65ஐத் தோற்கடித்தார்கள்.

இப்படியே முடித்தால் வாக்காளரைக் கொண்டாடிவிட்டுப் போகலாம். 2020 விடவில்லை. செயலி வழி ஓட்டுநர்களை ஊழியர்களாக நடத்த வேண்டியதில்லை என்ற முன்மொழிவு 22க்காக ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் போன்ற நிறுவனங்கள் 20 கோடி டாலரை இறைத்தன. பின்னால் இருப்பது யார் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை, பெரிதாக ஜெயித்தது. சவாரிக் கட்டணம் ஏறிவிடும் என்ற பயமும் சேர்ந்தே வேலை செய்திருக்கும். அதில் இன்னொரு சரத்தும் இருந்தது: சட்டமன்றம் பின்னாளில் இதைத் திருத்த வேண்டுமானால் எட்டில் ஏழு பங்கு ஆதரவு தேவை. எந்தத் தரகரை விசாரித்தாலும் இது தெரியவராது. வாசகத்தைப் படித்தால்தான் உண்டு.

வாக்காளர்கள் சார்பில் படித்துச் சொல்வதற்கென்றே சாதாரண மக்கள் சிலரை உட்காரவைத்துப் பார்த்தது ஓரிகன் மாநிலம், 2010இல். அது அடுத்த வாரம்.