காருக்கு ஏசி கேஸ் அடிக்கும் முன்

கோடை பிறந்தால் ஏசி பட்டறைகளில் காதில் விழுவது ஒன்றுதான்: "கூலிங் பத்தல, கொஞ்சம் கேஸ் அடிச்சு விடுங்க." பெட்ரோல் போல ஏசி கேஸும் ஓட ஓடத் தீரும் என்ற நினைப்பு. தீராது. கம்ப்ரசர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில் என்று மூடிய பாதைக்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றுகிறது. ரப்பர் ஹோஸ் வழியே துளித்துளியாகக் கசிவது உண்டு. போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடையில் இல்லை என்றால் எங்கோ லீக் இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் அடிப்பது வீண் செலவு.

இந்தியாவில் ஓடும் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ. மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம். குளிர் தருவது அந்தக் குணம்தான்; தோலில் தெறித்தால் உறையவைத்துப் புண்ணாக்குவதும் அதுவேதான். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஹோஸைத் தொடக்கூடாது.

லீக்கை அடைத்தபின் செய்ய வேண்டியது வேக்கம் போடுவது. அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலையும் இதுதான். பம்ப் அரை மணி நேரம் ஓடினால் உள்ளே அழுத்தம் விழுந்து, ஒட்டியிருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி வெளியேறும். தங்கிய ஈரம் வால்வில் பனிக்கட்டியாக அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பம்பை நிறுத்திச் சற்று நேரம் கேஜைப் பார்க்க வேண்டும். முள் ஏறினால் லீக் இன்னும் போகவில்லை.

எவ்வளவு கேஸ்? இதைக் கேஜ் சொல்லாது. உள்ளே திரவம் மிஞ்சியிருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். என்ஜின் நின்ற காரில், 30 டிகிரி வெயிலில், 200 கிராம் இருந்தாலும் 450 கிராம் இருந்தாலும் முள் ஏறக்குறைய 95 பிஎஸ்ஐயில்தான் நிற்கும். பானெட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரில் எடை அச்சிடப்பட்டிருக்கும். கேனைத் தராசில் வைத்து அந்த அளவு ஏற்றுவதே சரி. கூடுதலாக ஏற்றினால் கூலிங் குறையும், கம்ப்ரசர் திணறும்.

என்ஜின் ஓடும்போது நீல நிற லோ சைடு வழியாக மட்டுமே ஏற்ற வேண்டும். ஹை சைடின் சிவப்பு வால்வைத் திறந்தால் 200 பிஎஸ்ஐக்கு மேற்பட்ட அழுத்தம் கேனுக்குள் திரும்பிப் பாயும், கேன் வெடிக்கலாம்.

மலிவான கேன் இன்னொரு ஆபத்து. 2011இல் வியட்நாமில் சர்வீஸ் செய்த சில குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று ஏற்றியதில் மீத்தைல் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கியிருந்தது. எல்பிஜி கலப்பதும் விஷப்பரீட்சைதான். கூலிங் காயில் இருப்பது டாஷ்போர்டுக்குப் பின்னால், லீக்கானால் கேஸ் வருவது பயணிகள் மேல்.

புதிய கார் சிலவற்றின் ஸ்டிக்கரில் ஆர்-1234ஒய்எஃப் என்றிருக்கும். ஆர்-134ஏ ஹோஸ் பொருந்தாதபடி அதன் இணைப்பு அளவையே வேறாக வைத்திருக்கிறார்கள். "அடாப்டர் போட்டுப் பழைய கேஸையே ஏத்திடலாம் சார்" என்பவரிடமிருந்து கார் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது.