தசைச்சிதைவு நோய்: பெற்றோர் அறியவேண்டியவை

ஓடியாடும் வயதில் ஓர் ஆண் குழந்தை அடிக்கடி இடறி விழுவதும், தரையிலிருந்து எழுகையில் தொடைகளின்மேல் கை ஊன்றி எழுவதும், அதன் கெண்டைக்கால் சதை வழக்கத்துக்கு மிஞ்சிப் பருத்திருப்பதும் தென்படுமானால், பெற்றோர் காலதாமதம் செய்யாமல் வைத்தியரிடம் சென்று, டூஷேன் தசைச்சிதைவு நோயோ என்றறிய இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் அளவையும், அவசியமாயின் மரபணுவையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் உண்டாகாமையால் தசையிழைகள் நாளடைவில் அழிந்துபோகும் இவ்வியாதி, பெரும்பாலும் தாயின் மரபணு வழியே வருவதாயினும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளிடம் புதிதாகவே தோன்றுகிறதாகையால், தாயைப் பழிக்கும் சுற்றத்தாரின் பேச்சு அறியாமை மட்டுமன்று, அநியாயமுமாகும்.

இந்நோய்க்கு மருந்து தேடுவோர் இன்று நம்பிக்கையோடு நோக்குவது மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் நுண்மூலக்கூறை. விஞ்ஞானிகள் விக்டர் அம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் ஒரு சிறு புழுவினிடத்தே ஆராய்ந்து 1993-ம் வருஷம் வெளியிட்டதும், 2024-ல் அவர்களுக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்ததுமான இது, ஏறத்தாழ 22 மரபெழுத்துக்களே நீளமுடையதாயினும், எந்தப் புரதம் எவ்வளவு உற்பத்தியாகலாம் என்பதைக் கட்டுப்படுத்த வல்லது. தசைகளில் மிகுந்திருக்கும் மிர்-1, மிர்-133, மிர்-206 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இளந்தசையணுக்களின் பெருக்கத்தையும் முதிர்ச்சியையும் நெறிப்படுத்துகின்றன. தசை சிதையும்போது அவை இரத்தத்தில் கசிந்து மிகுகின்றன. இந்நோய் கொண்ட எலிகளில் மிர்-206-ஐ நீக்கியபோது தசை பழுதுபார்க்கப்படுவது தாமதித்து நோய் முற்றியதைக் கண்ட ஆராய்ச்சியாளர், இவ்வழியே மருந்து பிறக்கலாமென்று நம்புகின்றனர்.

ஆனால் தசைநோய்க்கென அங்கீகாரம் பெற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து இன்றளவும் ஒன்றுமில்லை. ஸ்டீராய்டும் இயன்முறைப் பயிற்சியும் இருதய, சுவாசக் கண்காணிப்பும் இன்று நிச்சயமான துணைகள். நோபல் பரிசின் பெயர் சொல்லி விலையுயர்ந்த ஊசியை ஒருவர் சிபாரிசு செய்வாராயின், அதன் பரிசோதனை இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா என்று எழுத்துமூலம் கேளுங்கள். மெய்யான பரிசோதனையில் எப்போது வேண்டுமாயினும் விலகும் சுதந்திரமும், பரிசோதனையால் தீங்கு நேர்ந்தால் 2019-ம் வருஷத்து மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி நஷ்டஈடும் உண்டு.

மருந்து கிட்டாவிடினும் சட்டத்தின் துணை உண்டு. தசைச்சிதைவு, 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 குறைபாடுகளுள் ஒன்று. நாற்பது சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புக்குச் சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமையாதலால், மாடிப்படியைக் காரணங்காட்டிப் பள்ளிக்கூடத்தார் அவனைத் திருப்பியனுப்பலாகாது. அரியநோய்களுக்கான தேசியக் கொள்கையின்கீழ், சிறப்பு மையங்களின் வழியே 50 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை உதவி கோரவும் இடமுண்டு.

மேற்சொன்ன ஊசி போன்றவற்றைப் பற்றிய பொய் வாக்குறுதியை நம்பிப் பணம் கொடுத்துவிட்டவர், ரசீதும் மருந்துச்சீட்டும் விளம்பரமும் பத்திரப்படுத்தி, 2 வருஷங்களுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு மேற்படாதாயின் மனுக்கட்டணமும் கிடையாது.