எண்ணெய், வாயு, நீர்: பிரிப்புக் கணக்குக்கு எந்தச் சமன்பாடு?

எண்ணெய்க் கிணற்றிலிருந்து மேலே வருவது பெரும்பாலும் கச்சா எண்ணெய், இயற்கை வாயு, உப்புநீர் மூன்றும் கலந்த கலவை. பிரிகலனில் வாயு மேலே எழும். நீர் அடியில் தங்கும். எண்ணெய் இடையில் நிற்கும். எந்த அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில் எது எவ்வளவு பிரியும் என்பதை வெப்ப இயக்கவியல் சமன்பாடுகளைக் கொண்டே கணிக்கிறார்கள்.

இவற்றுக்கு மூலம் 1873இல் வான் டெர் வால்ஸ் தந்த நிலைச் சமன்பாடு. அதன் வழிவந்த ரெட்லிக்–குவாங் சமன்பாட்டுக்கு 1972இல் சோவாவே செய்த திருத்தமும், 1976இல் வெளிவந்த பெங்–ராபின்சன் சமன்பாடும் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. மீத்தேன், புரொப்பேன் போன்ற ஹைட்ரோகார்பன்களுக்கு இவை நன்கு பொருந்தும். திரவ அடர்த்தியில் பிழை வரும்; அதற்குக் கன அளவுத் திருத்தம் சேர்ப்பார்கள்.

சிக்கல் நீரில்தான். நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மேற்சொன்ன சமன்பாடுகளில் அதற்குத் தனி இடமில்லை. இரு பொருள்களின் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பைச் சரிசெய்யும் ஒரே இடைவினைக் குணகத்தை வைத்து எண்ணெயில் கரையும் நீரையும், நீரில் கரையும் எண்ணெயையும் ஒருசேரக் கணிக்க முயன்றால், ஒன்று சரியாகும்போது மற்றது பல மடங்கு பிசகும்.

வாயு, எண்ணெய் அளவுகள் மட்டும் போதுமானால், நீரைத் தனி அடுக்காகக் கொண்டு பெங்–ராபின்சனையே பயன்படுத்தலாம். நீரும் வாயுவும் சேர்ந்து உருவாகும் ஹைட்ரேட் படிகம் குழாயை அடைக்காமலிருக்க மெத்தனால் அல்லது கிளைக்கால் செலுத்தும் இடங்களில், ஹைட்ரஜன் பிணைப்பையும் கணக்கில் கொள்ளும் சிபிஏ சமன்பாடு ஏற்றது. உப்பு மிகுந்தால் அயனிகளுக்கான மாதிரி தேவை. எதைத் தேர்ந்தாலும், ஆய்வகத்தில் அளந்த மதிப்புகளோடு ஒப்பிட்ட பிறகே கணக்கை நம்பலாம்.