15-ஆம் தேதி ஆயிரமும் நம்ம முதல் ஞாயிறுச் சந்தையும்

மாதத்தின் முதல் ஞாயிறு அடையாறில் நாங்கள் சில உழவர்கள் சேர்ந்து கடை போடுகிறோம். மதுராந்தகம் பக்கத்திலிருந்து விடியற்காலை நாலு மணிக்கு வண்டி கிளம்பும். பதினோரு மணிக்குள் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் தீர்ந்துவிடும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் காரில் வருவார்கள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அந்த வீட்டில் சமைக்கிற அக்காவும் வருவார்.

போன வருடம் அப்படி வந்த ஓர் அக்கா, வீட்டம்மா வண்டிக்குப் போன பிறகு தனியாக நின்று கேட்டார். "அண்ணே, இந்த அரிசிய தெனமும் நாந்தான் வடிக்கிறேன். எம் புள்ளைங்க ஒரு நாளும் சாப்பிட்டதில்ல. கால் கிலோ தருவீங்களா?"

எங்களிடம் ஒரு கிலோ பைதான் இருந்தது. பிரித்துத் தருகிறேன் என்றேன். "இப்ப வேணாம்ண்ணே, கையில இல்ல. பதினஞ்சாந்தேதிக்கு மேல வருவீங்களா?" என்றார். நாங்கள் பதினைந்துக்கு மேல் வருவதில்லை. அந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் குடைந்தது.

பதினைந்தாம் தேதி என்ன கணக்கு? கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நஞ்சை 5 ஏக்கர், புஞ்சை 10 ஏக்கர் வரை இருக்கலாம். அதனால் நம்மில் பலர் வீட்டுக்கும் வருகிறது. (என் வீட்டில் அது எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.)

குழந்தைக்கென்றே மாதாமாதம் எல்லா வீட்டுக்கும் பணம் தருகிற வழக்கம் நம் மாநிலத்தில் கிடையாது. பேறுகாலத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் உண்டு. அவர் தொடங்கிய அவ்வை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் இதே அடையாறில்தான் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். நடுவில் இருக்கிற பிள்ளைப் பருவத்துக்கு அம்மாவின் இந்த ஆயிரம்தான்.

அம்மா கையில் கொடுப்பதா அப்பா கையிலா என்பது பழைய சண்டை. 1945-இல் இங்கிலாந்தில் குழந்தைகளுக்கான குடும்ப உதவித்தொகைச் சட்டம் வந்தபோது, முதலில் அப்பாவுக்குத் தருவதாகத்தான் எழுதியிருந்தார்கள். எலினார் ராத்போன் என்ற பெண் உறுப்பினர் நாடாளுமன்றத்தில் போராடி அம்மாவுக்கு மாற்றினார்.

அந்த அக்கா கூட்டிப்போக, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலும் பெசன்ட் நகர் ஊரூர் குப்பத்திலும் சில வீட்டு வாசல்களில் உட்கார்ந்து பேசினேன். ஆய்வெல்லாம் இல்லை, வாசல் பேச்சுதான். வீட்டு வேலைச் சம்பளம் ஒன்றாம் தேதியை ஒட்டி வருகிறது. வாடகையும் வட்டியும் கொண்டுபோனது போக மிச்சம் பத்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சமையலறைக்கு வருகிற காசு இந்த ஆயிரம்தான்.

எதற்குப் போகிறது? அரிசிக்குப் போகவில்லை. ரேஷன் அரிசி 2011-லிருந்து இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். ரேஷனில் கிடைக்காததுக்குத்தான் ஆயிரம். முதலில் பால். ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய் என்றால் நாளுக்கு ஒன்று வீதம் மாதம் 600 ஆகிவிடுகிறது. மீதி 400-இல் முட்டை, காய், நோட்டு, ட்யூஷன். ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டருக்கு, இன்னொரு வீட்டில் சீட்டுக்கு. "சாராயத்துக்குப் போயிடும்" என்று நம்ம ஆட்களே டீக்கடையில் பேசுகிறார்கள். நான் பேசிய வீடுகளில் புருஷன் கைக்கு அந்த ஏடிஎம் கார்டே போவதில்லை.

என்னைப் பிடித்து உலுக்கியது வேறொன்று. பள்ளிக்குக் கிளம்புகிற பிள்ளை கையில் பத்து ரூபாய் கொடுக்கிறார்கள். அதில் ஒரு சிப்ஸ் பாக்கெட். மாதத்துக்கு இருபத்தைந்து நாள், ஒரு பிள்ளைக்கு 250 ரூபாய். அந்த பாக்கெட்டில் என்ன எண்ணெய், என்ன உப்பு என்று நமக்குத் தெரியும். பத்து ரூபாய்க்கு நம்மிடம் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. நஞ்சில்லா உணவு எல்லோருக்கும் என்று மேடையில் பேசுகிறோம், ஆனால் நம் விலைப்பட்டியல் நூறு ரூபாயில் ஆரம்பிக்கிறது.

இதில் அரசுக்கும் பங்கு உண்டு. பிரேசிலில் 2009-இல் ஒரு சட்டம் வந்தது. பள்ளி உணவுக்கு ஒன்றிய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டுக்குக் குடும்ப விவசாயிகளிடமிருந்தே வாங்க வேண்டும் என்றது. தி.நகருக்குப் பெயர் தந்த தியாகராயர் தலைமையில் 1920-இலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்ட ஊர் இது. இன்று காலை உணவும் இருக்கிறது. அதற்கான கம்பும் பயறும் நம்மிடம் வாங்கச் சொல்லி நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் சட்டம் வரும் வரை சும்மா இருக்க முடியாது என்று தோன்றியது.

அதனால் மூன்று மாதமாகப் பதினைந்தாம் தேதிக்கு அடுத்த ஞாயிறு சீனிவாசபுரம் பக்கம் ஒரு வண்டி நிறுத்துகிறோம். 50 ரூபாய்க்கு மேல் எதுவும் வைப்பதில்லை.

முதல் மாதம் அடி. மரபு அரிசியைக் கால் கிலோவாகக் கட்டிக்கொண்டு போனேன். அப்படியே திரும்பி வந்தது. "வேக ரொம்ப நேரம் ஆவுது, கேஸுக்கு யாரு காசு குடுப்பா?" என்றார் ஒரு பாட்டி. சாமை, தினை சீந்துவார் இல்லை. கேழ்வரகு மாவு 200 கிராம் 20 ரூபாய், அது ஒரு மணி நேரத்தில் போனது. கூழ் குடிக்கச் சென்னைக்காரர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை! முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, கால் கிலோ பச்சைப்பயறு போயின. இரண்டாம் மாதம் என் தங்கை பிடித்த கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் கொண்டுபோனோம், பத்து ரூபாய்க்கு இரண்டு. பிள்ளைகள் கடலையை வாங்கினார்கள். எள் கசக்குது என்று ஒருத்தன் துப்பியே விட்டான்.

மூன்றாம் மாதம் டீசல் போகக் கையில் நின்றது 600 ரூபாய். முதல் ஞாயிறில் நிற்பதற்குப் பக்கத்தில் இது ஒன்றுமில்லை. தனி வண்டி கட்டுப்படியாகாது. மயிலாப்பூர்க் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகிற வண்டியிலேயே ஏற்றி, ஞாயிறு இல்லாவிட்டாலும் பதினாறு, பதினேழு தேதிகளில் இறக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த அக்காவே விற்றுத் தருகிறேன் என்கிறார், உருண்டைக்கு ஒரு ரூபாய் அவருக்கு. தாம்பரம் தாண்டி வருகிற நண்பர்கள் யாரிடமாவது கடலையும் பனைவெல்லமும் இருந்தால், அடுத்த பதினைந்தாம் தேதிக்கு முன்னால் சொல்லுங்கள்.