உம்மாவும் வாடகைச் சக்கர நாற்காலியும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். வளைகுடா நாடுகளிலிருந்து பிள்ளைகள் விடுப்பில் வந்திருப்பார்கள். பேரப்பிள்ளைகள் எங்கேனும் அழைத்துப் போகும்படி நச்சரிப்பார்கள். வேன் ஒன்று பேசி முடிக்கப்படும். யார் யார் போவது என்று தலைகளை எண்ணும்போது, வீட்டின் மூத்த பெண்மணி தாமாகவே முந்திக்கொண்டு, "நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க மக்களே, நான் வீட்டைப் பார்த்துக்கிடுதேன்" என்று சொல்லிவிடுவார். நாமும் அதை அவருடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்கிறோம். பல வீடுகளில் அது பெருந்தன்மையன்று, முழங்கால் வலி.

தக்கலையில் எங்கள் வீட்டிலும் பத்து ஆண்டுகளாக இதுவே வழக்கமாக இருந்தது. என் உம்மாவுக்கு வயது 71. படுத்த படுக்கையில் இருப்பவர் அல்லர். வீட்டுக்குள் நடமாடுவார். மீன் வாங்கினால் தம் கையாலேயே ஆய்ந்தால்தான் அவருக்குத் திருப்தி. ஆனால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நடந்தால் முழங்கால்கள் இரண்டும் வீங்கிவிடும். சென்ற விடுமுறையில் குழந்தைகளைக் கேரளத்திலுள்ள பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் செல்ல முடிவாயிற்று. துபாயிலிருந்து வந்திருந்த என் காக்கா, "இந்த முறை உம்மா இல்லாமல் வண்டி நகராது. ஒரு சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்துக்கொள்வோம்" என்றார்.

உம்மாவின் முகம் மாறிற்று. "நான் என்ன கால் வழங்காதவளா? நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அதில் ஏறி உட்காருவதற்கு நான் வீட்டிலேயே கிடப்பேன்" என்று எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

இதே உம்மா சில ஆண்டுகளுக்கு முன் ஹஜ்ஜுக்குச் சென்றபோது, தவாஃபையும் ஸஃயையும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே நிறைவேற்றியவர். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை செல்வதென்றால் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். அங்கே நடுவில் சக்கர நாற்காலிகளுக்கெனத் தனிப்பாதை இருக்கிறது. கூலிக்குத் தள்ளிச் செல்லும் ஆட்களும் உண்டு. எத்தனையோ நாட்டு மூதாட்டியர் அந்தப் பாதையில் வரிசையாகச் செல்வதை உம்மாவே எங்களுக்கு வருணித்திருக்கிறார். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் தமக்கு உடல்நலமில்லை என்று முறையிட்டபோது, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்தபடியே தவாஃப் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி புகாரீயில் பதிவாகியுள்ளது. நாயகம் அவர்களே ஒட்டகத்தின் மீதமர்ந்து தவாஃப் செய்ததும் அதே நூலில் உண்டு.

காக்கா இதை நினைவூட்டியதும் உம்மா, "அது இபாதத், இது விளையாட்டு" என்றார்.

"அங்கே வலித்த காலும் இங்கே வலிக்கிற காலும் ஒன்றுதானே உம்மா?" என்று காக்கா கேட்டார். உம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பெட்டியிலிருந்து நல்ல சேலை ஒன்றை எடுத்து வெயிலில் போட்டிருந்தார். எங்கள் வீட்டில் சம்மதம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

சக்கர நாற்காலி என்றதும் முடம் என்ற சொல்தான் நம் மனத்தில் முந்தி நிற்கிறது. வாடகை நாற்காலியின் கதையோ வேறு. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே உருளும் நாற்காலிகளை வாடகைக்கு விட்டார்கள். நோயாளிகளுக்கென்று தொடங்கிய அதில் நாளடைவில் நல்ல உடல்நலம் உள்ளவர்களும் உல்லாசமாக ஏறிக்கொண்டார்கள். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி பல நூறு ஏக்கரில் பரந்து கிடந்தது. அதைச் சுற்றிப் பார்க்கவும் மணிக்கணக்கில் நாற்காலிகள் வாடகைக்குக் கிடைத்தன. கல்லூரி மாணவர்கள் அவற்றைத் தள்ளிக் கூலி பெற்றார்கள். இன்று டிஸ்னிலாந்து போன்ற பெரிய பூங்காக்களின் வாயிலிலேயே இவை வாடகைக்கு உண்டு. அங்கெல்லாம் நாற்காலியில் இருப்பவர் பாதியில் எழுந்து நடந்தால் யாரும் வியப்பதில்லை. களைத்தவர் உட்காருகிறார், அவ்வளவுதான்.

நாகர்கோவிலில் மருத்துவச் சாதனங்கள் விற்கும் கடையொன்றில் முன்பணம் கட்டி ஒரு வாரத்துக்கு நாற்காலி எடுத்தோம். பூங்காவிலும் சில நாற்காலிகள் இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். ஆனால் முதலில் வருகிறவர்களுக்கே என்றார்கள். அதை நம்பி 71 வயதுப் பெண்மணியை அழைத்துப்போக முடியுமா? கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். பின்சக்கரம் பெரிதாக, அமர்ந்திருப்பவரே கையால் உருட்டிக்கொள்ளக்கூடியது ஒன்று. நான்கும் சிறு சக்கரங்களாக, பிறர் தள்ளினால் மட்டுமே நகர்வது மற்றொன்று. இரண்டாவது எடை குறைவு, வேனில் இடமும் அடைக்காது. ஆயினும் நாங்கள் முதல் வகையையே எடுத்தோம். மேடுபள்ளத்தில் பெரிய சக்கரம் எளிதாக ஏறும் என்பது ஒரு காரணம். உம்மா தமக்கு வேண்டிய பக்கம் தாமே திரும்பிக்கொள்ளலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கடையிலேயே உம்மாவை உட்காரவைத்துப் பார்த்ததும் நல்லதாயிற்று. பாதம் வைக்கும் தட்டு உயரமாக இருந்ததால் முழங்கால் மடங்கி வலித்தது; கடைக்காரர் அதை இறக்கி முடுக்கித் தந்தார். இரண்டு பிரேக்குகளும் பிடிக்கின்றனவா என்று பார்த்தோம். அகலத்தை அளக்க மட்டும் மறந்துவிட்டோம். வீட்டுக்கு வந்தபோதுதான் எங்கள் பழைய வீட்டின் நடுவாசல் 24 அங்குலம், நாற்காலி 26 அங்குலம் என்பது தெரிந்தது. அன்றிரவு நாற்காலி திண்ணையிலேயே உறங்கிற்று.

முதல் நாள் ஒத்திகைக்காக, 2 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றோம். வாழ்நாளெல்லாம் தக்கலையில் இருந்தும் உம்மா அதைப் பார்த்து முப்பது ஆண்டுகள் இருக்கும். 1601-இல் கட்டத் தொடங்கிய மரமாளிகை அது. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. மந்திரசாலைக்கு ஏறும் மரப்படிகள் செங்குத்தானவை, குறுகலானவை. எந்த நாற்காலியும் அங்கே ஏறாது. நானூறு ஆண்டுப் பழமையை உடைத்துச் சாய்தளம் போடுங்கள் என்று யாரும் கேட்கப்போவதுமில்லை. உம்மா வெளிமுற்றத்தில் நிழலில் இருந்துகொண்டு மணிக்கூண்டைப் பார்த்தார். நாங்கள் முறைவைத்து ஒருவர் அவருடன் இருந்தோம். எல்லா இடத்தையும் காட்டிவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் இருக்க அன்றே கற்றுக்கொண்டோம்.

நாற்காலி தள்ளும் முறையையும் அந்த முற்றத்தில்தான் பழகினோம். சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, தள்ளுகிறவர் கீழ்ப்பக்கம் நின்று, பின்புறமாகவே மெல்ல இறக்க வேண்டும். முன்முகமாக இறக்கினால் அமர்ந்திருப்பவர் முன்னால் சரிந்துவிடுவார். ஒற்றைப் படியானால் பின்னால் சாய்த்து முன்சக்கரங்களைத் தூக்கி வைக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு பிரேக்குகளும் போட்டிருக்க வேண்டும். பாதத் தட்டில் மிதித்து எழுந்தால் நாற்காலி கவிழும். நம் பெண்கள் தனியே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சேலை முந்தானையும் பர்தாவின் ஓரமும் சக்கரத்தின் கம்பிகளில் சிக்கும். உம்மாவின் பர்தா முதல் அரைமணி நேரத்திலேயே சிக்கிக் கிழிந்தது. பிறகு இரண்டு பக்கமும் மடித்து மடியில் செருகி, மேலே ஒரு துண்டை விரித்துக்கொண்டோம்.

மறுநாள் அதிகாலையில் வேன் புறப்பட்டது. நாற்காலியின் இருக்கையை நடுவில் பிடித்து மேலே இழுத்தால் அது மடிந்துவிடும். எங்கள் இளைய பையன் அந்த வேலையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டான்.

பூங்காவின் நுழைவாயிலில் நின்ற ஊழியர் மரியாதையான இளைஞர்தாம். ஆனால் அவர் உம்மாவைப் பார்க்கவே இல்லை. உம்மாவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து மலையாளத்தில், "அம்மாவுக்கு நடக்க முடியுமா? ஏதாவது விளையாட்டில் ஏறுவார்களா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் உம்மா, "நடப்பேன் மக்களே. கால் கடுத்தால் இருப்பேன். ஏறுவதா வேண்டாமா என்று பார்த்துவிட்டுச் சொல்லுதேன்" என்றார். அந்த இளைஞர் சற்றே வெட்கினார். அதன்பிறகு உம்மாவிடமே பேசினார். உண்மையைச் சொன்னால், வெட்கியது அவர் மட்டுமன்று. பத்து ஆண்டுகளாக நாங்களும் உம்மாவின் தலைக்கு மேலாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

பாதைகள் பெரும்பாலும் சமதளமாகவே இருந்தன. துயரம் கழிப்பறையில்தான். சக்கர நாற்காலியின் படம் போட்ட கதவு பூட்டியிருந்தது. சாவியைத் தேடிப் பிடித்துத் திறந்தால் உள்ளே துடைப்பங்களும் வாளிகளும் அடுக்கியிருந்தன. அவற்றை வெளியே எடுத்து வைக்கக் கால்மணி நேரமாயிற்று. வெளியூர் போனால் உம்மா காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். அதன் காரணம் அன்றுதான் எனக்கு உறைத்தது. வெயிலில் அது எவ்வளவு கெடுதல்! முதியோரை அழைத்துச் செல்கிறவர்கள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறையையே.

லுஹர் நேரத்தில் நிழலான ஓர் ஓரத்தில் பிரேக்குகளைப் போட்டுவிட்டு, நாற்காலியில் அமர்ந்தபடியே உம்மா தொழுதார். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்ற சலுகை நம் மார்க்கத்தில் தெளிவாக இருக்கிறது.

அலைக்குளத்தின் கரையில் பேரப்பிள்ளைகளின் துண்டுகளுக்கும் செருப்புகளுக்கும் உம்மா காவலிருந்தார். வீட்டைக் காப்பதற்குப் பதிலாகச் செருப்பைக் காக்க வந்தோமா என்று எனக்குச் சங்கடமாயிற்று. அஸருக்குப் பிறகு அவராகவே, "அந்த ராட்டினம் எவ்வளவு உயரம் போகும்?" என்று கேட்டார். இதயநோய், முதுகெலும்புக் கோளாறு உள்ளவர்கள் ஏறக்கூடாது என்ற பலகையைக் காக்கா உரக்கப் படித்துக் காட்டினார். உம்மாவுக்கு இரண்டும் இல்லை. ராட்டினத்தை ஓட்டுகிறவர் அதைச் சற்று அதிக நேரம் நிறுத்தித் தந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து, நான்கு எட்டு நடந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உம்மா ஏறினார். சிறுமியாக இருந்தபோது ஊருக்கு வந்த மர ராட்டினத்தில் ஏறியதற்குப் பிறகு இதுதானாம். உச்சியில் நின்றபோது கண்களை மூடிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். மூடிக்கொண்டவள் நான்.

திரும்பி வந்தபின் மீதமிருந்த நாளில் கன்னியாகுமரிக்கும் போனோம். 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கிறது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நாற்காலி உருள நல்ல இடம். ஆனால் கரையிலிருந்து அங்கே போகப் படகில் ஏறவேண்டும். ஆடுகிற படகில் உம்மாவை ஏற்ற எங்களுக்குத் துணிவு வரவில்லை. கரையிலிருந்தே பார்த்தார். மணலில் சக்கரங்கள் புதைந்தபோது நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் இதற்கெனவே கடலருகே மரப்பாதை அமைத்தார்கள். அடுத்த மாதம் வந்த மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்திவிட்டது. ஆயினும் திறந்த அன்று முதன்முறையாக அலையருகே சென்ற மாற்றுத்திறனாளிகளின் முகங்களைப் படத்தில் பார்த்தவர்கள், அதை வீண்செலவு என்று சொல்லமாட்டார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்களுக்குச் சேவை தரும் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. இதற்கான தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற சரிவுக் கணக்கும் வகுக்கப்பட்டிருக்கிறது. துடைப்பம் வைத்த அறை சட்டத்தின் கணக்கில் கழிப்பறையாகவே இருக்கும் என்பதுதான் வேதனை.

சட்டத்தை விட்டு நம்மிடம் வருவோம். நம் பள்ளிவாசல்களில் மய்யித்தைச் சுமக்கும் சந்தூக்கைப் பத்திரமாகப் பராமரிக்கிறோம். அது நம் கடமை. உயிருடன் இருக்கும் முதியவரை மருத்துவமனைக்கோ, பேத்தியின் நிக்காஹுக்கோ, பெருநாளன்று உறவினர் வீட்டுக்கோ கொண்டுபோக இரண்டு சக்கர நாற்காலிகளை அதே அறையில் வைக்கக் கூடாதா? கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிதணிப்புச் சிகிச்சை இயக்கம் கேரளமெங்கும் பரவி, இத்தகைய சாதனங்களை இரவலாக வழங்கும் பழக்கத்தை ஊர்தோறும் வளர்த்திருக்கிறது. நம் எல்லைக்கு அந்தப் புறத்தில் நடப்பது இந்தப் புறத்தில் நடவாது என்பதற்குக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

வாரம் முடிந்து நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கும்போது உம்மாவும் உடன் வந்தார். கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "உள்ளே மண் போயிருக்கிறது, கழுவிப் பூட்டணும்" என்று முன்பணத்தில் 100 ரூபாய் பிடித்துக்கொண்டார். உம்மா, அந்த மணல் கன்னியாகுமரி மணல், வெளியே கொடுத்தால் காசு கிடைக்கும் என்று அவரிடம் வாதாடி 50 ரூபாயைத் திரும்ப வாங்கிவிட்டார்.