குளிரில் கிளம்பாத டீசல் பிக்அப்

தை மாதம். நுவரெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் விடியற்காலை மூன்றரை மணி. லீக்ஸ் கட்டுகளை ஏற்றி, படங்கு போட்டுக் கட்டிவிட்டு நான்கு குடும்பத்தார் ஒரு பழைய பிக்அப்பைச் சுற்றி நிற்கிறார்கள். சாவியைத் திருப்பினால் எஞ்சின் முக்குகிறது, வெள்ளைப் புகையைக் கக்குகிறது, பிடிக்கவில்லை. பிந்திப் போய்ச் சேரும் லீக்ஸுக்குத் தம்புள்ளையில் என்ன விலை கிடைக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் எல்லாருமாகத் தள்ளினோம். வண்டி இறக்கத்தில் உருண்டது. எஞ்சின் அப்போதும் பிடிக்கவில்லை. பிரேக்கோ கல்லாக இருந்தது. ஓட்டியவர் மலைப்பக்கத்துக் கானில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினார். மற்றப் பக்கம் பள்ளம்.

அந்த வண்டி வவுனியாவில் பல வருடம் ஓடியது. ஒரு நாளும் கரைச்சல் தந்ததில்லை. இடம்பெயர்ந்து வந்து, இங்கே குத்தகைக் காணியில் மரக்கறி செய்யத் தொடங்கிய முதலாவது குளிர்காலத்திலேயே இப்படியானது. "இந்த ஊர் வண்டிக்கும் ஒத்துவரவில்லை, ஃபாதர்" என்றார் வீட்டுக்காரர். ஊரில் பிழையில்லை. வண்டியில் முன்பே இருந்த பழுதை வன்னி வெயில் மூடி வைத்திருந்தது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை இருபது மடங்கு வரை அழுத்தும்போது அது 500 பாகை செல்சியஸுக்கும் மேலே சூடேறுகிறது. அதில் தெளிக்கப்படும் டீசல் தானாகப் பற்றுகிறது. எஞ்சின் இரும்பு குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டை அதுவே உறிஞ்சிவிடும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். தை, மாசியில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்குச் செடி கருகும் இரவுகளும் உண்டு. குளிரும் மெல்லிய காற்றும் சேரும்போது பழைய எஞ்சின் தடுமாறுகிறது. அதற்குக் கைகொடுக்கவே ஹீற்றர் பிளக் இருக்கிறது.

முதலில் புகையைப் பாருங்கள். சாவியைத் திருப்பும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் போய்ச் சேருகிறது, சூடு போதவில்லை என்று அர்த்தம். ஹீற்றர் பிளக்கைச் சந்தேகியுங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பற்றரி, வயர் முனைகள், ஒயில் ஆகியவற்றைப் பாருங்கள்.

பிளக்கைச் சோதிக்க ஒரு 12 வோல்ட் பல்பும் இரண்டு துண்டு வயரும் போதும். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றுங்கள். பல்பின் ஒரு முனையைப் பற்றரியின் பிளஸ்ஸிலும் மறு முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். பல்பு எரிந்தால் பிளக்கின் உள்கம்பி அறவில்லை; எரியாவிட்டால் அது செத்துவிட்டது. பற்றரியிலிருந்து வெறும் வயரை நேரே பிளக்கில் பிடிக்காதீர்கள். சில வண்டிகளின் பிளக்குகள் 12 வோல்ட்டைத் தாங்காது. நாங்கள் பார்த்தபோது நான்கில் மூன்று செத்திருந்தன. முன்னால் டாஷ்போர்டில் ஹீற்றர் விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்து அணைந்துகொண்டிருந்தது! பல பழைய வண்டிகளில் அந்த விளக்கு நேரத்தைத்தான் காட்டும், பிளக்கின் நலத்தை அல்ல. பிளக் எல்லாம் நன்றாக இருந்தால், சாவியைப் போட்டவுடன் அந்தத் தகட்டுக்குக் கரண்ட் வருகிறதா என்று அதே பல்பைத் தகட்டுக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையில் வைத்துப் பாருங்கள். வராவிட்டால் ரிலே அல்லது பியூஸ்.

பூச்சியம் பாகைக் குளிரில் பற்றரி தன் வலுவில் மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. அதே வேளையில் ஒயில் தடித்து, எஞ்சினைச் சுற்றக் கூடுதல் வலு கேட்கிறது. கீழ்நாட்டில் ஊற்றிய வெறும் 40 ஒயிலை வடித்துவிட்டு, எஞ்சினுக்கு ஒத்துவந்தால் 15டபிள்யூ-40 ஊற்றுங்கள். பற்றரியைக் கழற்றி இரவில் வீட்டுக்குள் வைப்பதும் நல்லது. கழற்றும்போது மைனஸ் முனை முதலில்.

டீசல் போகாவிட்டால் பில்டரின் மேலுள்ள கைப்பம்பை அது இறுகும்வரை அழுத்துங்கள். அதன்பின் உடனே பிடித்தால், இரவில் எங்கோ காற்று புகுந்து டீசல் டாங்கிக்குத் திரும்பியிருக்கிறது; குழாய் இணைப்புகளைத் தேடுங்கள். பில்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீரையும் வடியுங்கள். 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டில் கிடைத்த கான்களிலெல்லாம் டீசலைச் சேர்த்து வைத்தோம். அந்தத் துருவும் தண்ணீரும் இன்னும் சில டாங்கிகளின் அடியில் கிடக்கலாம். இவ்வளவும் சரியாக இருந்தும் பிடிக்காவிட்டால் கம்பிரஷன் தேய்ந்திருக்கும். அது கராஜ் வேலை.

துணியில் தீ மூட்டிக் காற்றுக் குழாயில் பிடிப்பதை மலைநாட்டில் பலர் செய்கிறார்கள். ஈதர் ஸ்பிரே அடிப்பவர்களும் உண்டு. ஹீற்றர் பிளக் சூடாக இருக்கும்போது ஈதர் வெடித்து எஞ்சினையே உடைக்கும். மண்ணெண்ணெய் கலப்பதும் வேண்டாம். டீசலின் வழவழப்பில்தான் பம்ப் உயிர்வாழ்கிறது. செத்த பிளக்கை மண்ணெண்ணெய் எழுப்பாது.

இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். இவ்வகைப் பிக்அப்களில் பிரேக்குக்குத் துணைநிற்கும் வெக்கம் பம்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது. எஞ்சின் ஓடாவிட்டால் இரண்டொரு மிதியில் பிரேக் இறுகிப்போகும். சுமையோடு, பனிப்புகாரில், தோட்டத்து வளைவில் அதை யார் அடக்குவது? தள்ளித்தான் ஆகவேண்டுமென்றால் சுமையை இறக்கிச் சமதரையில் தள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்தார் நான்கு பிளக்கையும் ஒன்றாக மாற்றினார்கள். பணம் இரண்டு சுமை லீக்ஸில் வந்தது. இப்போது வீட்டுக்காரர் ஹீற்றர் விளக்கு அணைந்த பின்னும் ஐந்து வரை எண்ணிவிட்டே சாவியைத் திருப்புகிறார். பத்து செக்கனுக்குள் பிடிக்காவிட்டால் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயல்கிறார். அந்த ஒரு நிமிடத்துக்குள் படங்குக் கயிற்றைச் சரிபார்ப்பது அவருடைய மகளின் வேலை.