குழந்தைகள் பிரிவுக்கு வரும் மானியம்: எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது?

குழந்தைகள் பிரிவை மேம்படுத்தப் பல கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டதாகச் செய்தித்தாளில் படிக்கிறோம். சில மாதங்களில் புதிய கட்டடமும் எழுகிறது. ஆனால், நம் குழந்தையைச் சேர்க்கும்போது ஒரு மருந்தை வெளியில் வாங்க நேர்ந்தாலோ, இரவுப் பணியில் செவிலியர் குறைவாக இருந்தாலோ, "அந்தப் பணமெல்லாம் எங்கே போயிற்று?" என்ற கேள்வி எழுகிறது. தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரப் பெற்றோர் பலருக்கும் எழும் இக்கேள்வி நியாயமானதே. இதற்கான விடை அப்பணத்தின் இயல்பிலேயே உள்ளது.

மூலதன மானியம் என்பது யாது?

மருத்துவமனையின் செலவுகள் இருவகைப்படும். கட்டடம், பிராணவாயுக் குழாய் இணைப்பு, மின்னாக்கி, செயற்கைச் சுவாசக் கருவி போன்று பல ஆண்டுகள் நிலைத்துப் பயன் தருபவை மூலதனச் செலவுகள். ஊதியம், மருந்து, மின்கட்டணம், பழுதுபார்ப்பு போன்று மாதந்தோறும் வருபவை நடைமுறைச் செலவுகள். மூலதன மானியம் முதல் வகைக்கு மட்டுமே உரியது. திருப்பிச் செலுத்த வேண்டாத பணம் என்பதால் அது கடனன்று. எனினும், நிபந்தனையுடன் வருவது. எந்தப் பணிக்கு வழங்கப்பட்டதோ அப்பணிக்கே செலவிட்டு, பயன்பாட்டுச் சான்றிதழ் அளித்துத் தணிக்கைக்கு உட்பட வேண்டும். சுவர் எழுப்ப வந்த பணத்தில் மருந்து வாங்க விதி இடந்தராது.

குழந்தைகளுக்குத் தனி வசதி ஏன்?

குழந்தை, உருவில் சிறிய பெரியவர் அன்று. அதன் மூச்சுக்குழாய் குறுகியது. பெரியவர்க்கான குழாயும் முகமூடியும் பொருந்தா. உடல் எடைக்கு ஏற்ப மருந்தையும் நீரையும் நுட்பமாக அளந்து செலுத்தும் கருவிகள் வேண்டும். பட்டாசுத் தொழில் நடைபெறும் நம் பகுதிக்குத் தீக்காயச் சிகிச்சை மிக இன்றியமையாதது. தீக்காயம் பட்ட குழந்தையின் உடல் விரைவில் வெப்பத்தையும் நீரையும் இழக்கும். தொற்று எளிதில் பற்றும். ஆகவே, வெதுவெதுப்பான, தனிமைப்படுத்தப்பட்ட அறை தேவை. இவ்வசதிகள் அருகில் இல்லையெனில், மதுரை வரை கொண்டு செல்லும் வழியிலேயே அரிய நேரம் கழிந்துவிடும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

முதலாவது, மத்திய, மாநில அரசுகள் பங்கிட்டு வழங்கும் நிதி. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2021 ஜூலை 8 அன்று மத்திய அமைச்சரவை ரூ.23,123 கோடியிலான அவசரகாலத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மத்திய அரசின் பங்கு ரூ.15,000 கோடி, மாநிலங்களின் பங்கு ரூ.8,123 கோடி. நாட்டின் 736 மாவட்டங்களிலும் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவு அமைப்பது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் இவ்வாறு பங்கிட்ட நிதியில் எழுந்ததே. அன்று தமிழகத்தில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளின் மொத்த மதிப்பீடு ஏறத்தாழ ரூ.4,000 கோடி, அதில் மத்திய அரசு வழங்கியது ஏறத்தாழ ரூ.2,145 கோடி.

இரண்டாவது, பதினைந்தாவது நிதிக்குழுவின் சுகாதார மானியம். 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நாடு முழுமைக்கும் ரூ.70,051 கோடி பரிந்துரைக்கப்பட்டது. துணைச் சுகாதார நிலையங்கள், ஆரம்பச் சுகாதார நிலையங்கள் ஆகியவற்றின் வசதிகளுக்கான இப்பணம் உள்ளாட்சி அமைப்புகளின் வழியாக வருவது.

மூன்றாவது, தொகுதி மேம்பாட்டு நிதி. ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஆண்டுக்கு ரூ.5 கோடி வரை பணிகளைப் பரிந்துரைக்கும் உரிமை உண்டு.

நான்காவது, பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபமோ விற்பனையோ சொத்து மதிப்போ உடைய நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைப் பொதுநலப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். மருத்துவமும் அவற்றுள் அடங்கும்.

வெளிநாட்டு உதவியும் உண்டு. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையை மேம்படுத்த ஜப்பான் அரசு நிதி வழங்கியது; அது கடனாக அன்றி மானியமாகவே வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் குழந்தைகள் மருத்துவமனைகளின் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் பணம் திரட்டலாமா என்று வாக்காளர்களிடமே கேட்கிறார்கள். 2004-இல் 75 கோடி டாலர், 2008-இல் 98 கோடி டாலர், 2018-இல் 150 கோடி டாலர் மதிப்பிலான கடன் பத்திரங்களுக்கு அவர்கள் ஒப்புதல் அளித்தனர். அங்கும் அப்பணம் கட்டடத்துக்கும் கருவிகளுக்குமே உரியது; ஊதியத்துக்கு அன்று.

கட்டடம் எழுந்த பிறகு

ஒரு செயற்கைச் சுவாசக் கருவியை மானியத்தில் வாங்கிவிடலாம். அதை இயக்கப் பயிற்சி பெற்ற செவிலியர், தடையற்ற மின்சாரம், ஆண்டுதோறும் பராமரிப்பு ஆகியவை நடைமுறை நிதியிலிருந்தே வர வேண்டும். அந்நிதி குறைந்தால் கருவி உறையிட்டபடியே நிற்கும். ஆகவே, ஒரு மானியம் அறிவிக்கப்படும்போது இரு கேள்விகளைக் கேட்பது நலம்: என்ன கட்டப்போகிறார்கள்? அதை யார், எந்த நிதியில் இயக்கப்போகிறார்கள்?

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

மூலதன மானியம் தனியொருவரின் சிகிச்சைச் செலவுக்கு வழங்கப்படுவதன்று. "மானியத்தில் உங்கள் செலவை ஈடுகட்டித் தருகிறோம்" என்று எவரேனும் பணம் கேட்டால் நம்பவேண்டா. தனிக் குடும்பங்களுக்கு உதவுவது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்கள் இதில் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுக வேண்டும்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தானே என்று எண்ணி, அந்த அட்டையை வீட்டிலேயே விட்டு வருவோர் உண்டு. அட்டையைக் காட்டுவதால் உங்களுக்குச் செலவில்லை. ஆனால், திட்டத்தில் அடங்கிய சிகிச்சையாயின், அதற்குரிய தொகை காப்பீட்டின் வழியாக அம்மருத்துவமனைக்கே வந்து சேரும். அதை அரசு விதிகளுக்கு உட்பட்டு மருத்துவமனையின் தேவைகளுக்கும் மேம்பாட்டுக்கும் பயன்படுத்தலாம். மூலதன மானியம் தொட முடியாத சில தேவைகளை இப்பணம் நிறைவு செய்யும்.

ஊர்ச் சுகாதார நிலையத்தின் குறைகளைக் கிராம சபையில் எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் அது கூடுகிறது. "வசதி இல்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், "குழந்தைகளுக்கான பிராணவாயு முகமூடி இல்லை", "மின்தடையின்போது தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு மாற்று ஏற்பாடு இல்லை" என்று குறிப்பாக எழுதுங்கள். தேவை இன்னதென்று தெளிவாக இருந்தால்தான் அதற்கென நிதி கோர இயலும்.

குடும்ப அட்டையுடன் காப்பீட்டு அட்டையையும் ஒரே உறையில் இட்டு, வீட்டிலுள்ள அனைவரும் அறிந்த இடத்தில் வைத்திருங்கள். அவசர வேளையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படுபவர் யாராயினும் அதையும் உடன் எடுத்துவர இயலும்.